டீசல் வண்டியில் பெட்ரோல் போட்ட பகல்

1

இங்கே வளைகுடாவில் பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி இரண்டு சொல் சொன்னால் போதும். "ஸ்பெஷல், ஃபுல்." அவ்வளவுதான். ஸ்பெஷல் என்பது இங்கே பெட்ரோலில் ஒரு ரகம். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் ஓட்டும் கார் எல்லாமே பெட்ரோல் கார். டீசல் என்பது லாரிக்காரர்கள் கவலை. பதினாறு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடத்திலிருந்து நான் இறங்கிவிடுகிறேன். பின்னால் போய் மூடியைத் திறந்து, அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிக்கிறேன். பங்க்காரர் கையிலிருக்கும் குழாயின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிக்கிறேன். அதற்குப் பிறகே வாயைத் திறக்கிறேன். நேற்று பின்சீட்டில் இருந்த என் மகன் நவீன் தன் நண்பனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவனுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். நண்பனை இறக்கிவிட்ட பிறகு என்னிடமே கேட்டுவிட்டான்: "நம்ம கார்தானே அப்பா? என்ன போடணும்னு உங்களுக்குத் தெரியாதா?" அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டான்.

தெரியும் என்றேன். அவனுடைய தமிழுக்கும் என்னுடைய ஆங்கிலத்துக்கும் நடுவில் இந்த விஷயத்தைச் சொல்ல இடம் இல்லை. ஊரிலிருக்கும் உங்களுக்காவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் சிதம்பரத்துக்காரன். வளைகுடாவில் ஒரு துறைமுக நகரம், அதில் ஒரு கட்டடக் கம்பெனி. ஆட்களின் விசா, லீவு, டிக்கெட் பார்க்கும் மேசை என்னுடையது. கலியபெருமாள் அங்கே பெயின்ட் ஸ்டோரில் இருந்தார். சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். ஏழு வருடப் பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவார். நிறையப் பேசமாட்டார். எங்கள் பால்கனியில் உட்கார்ந்து நெடுநேரம் கடலைப் பார்ப்பார்.

அந்த ஸ்டோரில் ஒரு மதியம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். கலியபெருமாள், இன்னொருவர் தெலங்கானாவிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன நரசய்யா. இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடம்பு.

தமிழ் தெரிந்தவன் என்று என்னைப் பிணவறைக்கு அனுப்பினார்கள், அடையாளம் சொல்ல. ஊழியர் இழுப்பறையை இழுத்தார். துணியை விலக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். சுவரில் ஏசி ஓடியது. அதில் பச்சை எழுத்தில் ஓர் எண் எரிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணையே பார்த்தேன். ஊழியர் அரபியில் ஏதோ கேட்டார். கேள்வி என்பது மட்டும் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு தாளை நீட்டினார். முழுக்க அரபி எழுத்து. நடுவில் கலியபெருமாள் என்ற பெயரை அவர்கள் எப்படி எழுதியிருப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

ஒருவரை நான் கலியபெருமாள் என்று சொல்லிவிட்டதால் மற்றவர் தானாகவே நரசய்யா ஆனார். அவருக்கென்று தனியாக யாரும் அடையாளம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் ஒரு தாள். போலீஸ் தாள், இறப்புச் சான்று, தூதரகத்தின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றிய சான்று, சரக்கு விமானத்தின் ரசீது. ஒரு தாளைக் காட்டித்தான் அடுத்த தாளை வாங்க முடியும். எல்லாத் தாள்களும் என் கையெழுத்தில் போய் நின்றன. பெட்டியைத் திறக்க வேண்டாம், பார்க்கும்படி இல்லை என்று இரண்டு குடும்பத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். நரசய்யாவின் பெட்டிக்கு விமானத்தில் முதலில் இடம் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, எங்கள் பெட்டியோடு நான் கிளம்பினேன்.

3

சென்னையில் பெட்டியை வாங்கி வெளியே கொண்டுவரும்போது காலை எட்டு மணி. கடலூரிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. டிரைவர் அந்தோணிசாமி, கடலூர் முதுநகர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். பெட்டியை ஏற்றியதும் அதன்மேல் கையை வைத்து ஒரு நிமிடம் ஜெபம் செய்தார். "யாரா இருந்தாலும் செய்வேன் சார்" என்றார்.

இரண்டு இரவாக எனக்குத் தூக்கம் இல்லை. புதுச்சேரி தாண்டியது தெரியாது. கடலூரைத் தாண்டி ஒரு பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, "டேங்க் காலி சார், வந்து போடறேன்" என்று சொல்லி அந்தோணிசாமி கழிவறைப் பக்கம் போனார். நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா ஜன்னலருகே வந்தார்.

"என்னா போடணும்ணா?"

"பெட்ரோல். ஃபுல் பண்ணிடுங்கம்மா."

அவர் வேனின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "பெட்ரோலாண்ணா?"

"ஆமாம்மா, பெட்ரோல்தான்."

எனக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் இருந்தது. டேங்க் மூடியைத் திறக்கச் சாவியையும் பணத்தையும் ஜன்னல் வழியாகவே கொடுத்தேன். அந்தோணிசாமி திரும்பி வந்து, "போட்டாச்சா சார்? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று வண்டியை எடுத்தார்.

4

ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இருமியது. முதலில் லேசாக. பிறகு இன்ஜினுக்குள் யாரோ கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. அந்தோணிசாமி ஓரம் கட்டி, சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குள் போகும் மணல் பாதையில் வண்டியை இறக்கினார். அங்கே வந்ததும் இன்ஜின் தானாகவே நின்றது.

அவர் இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"சார், என்னா சார் போடச் சொன்ன?"

"பெட்ரோல்."

"இது டீசல் வண்டி சார். பாக்காமலே சொல்லிட்டியா?"

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டீசல்ல ஒரு வழவழப்பு இருக்கும் சார். அதுலதான் பம்பு ஓடுது. பெட்ரோலு அதத் தொடச்சுக் காய வெச்சிடும். இப்பவே பாதி போயிருக்கும். இனிமே சாவி போட்டா மொத்தமும் போயிடும்."

ஓனருக்குப் போன் செய்தார். இன்னொரு வேன் திருவண்ணாமலைக்குப் போயிருந்தது. வர மூன்று மணி நேரம் ஆகும். கலியபெருமாளின் அண்ணன் ராமலிங்கத்துக்கு நான் போன் செய்தேன். "இன்னா சார் இது! ஊரே கூடியிருக்குது. பொழுதோட எடுக்கணும் சார்" என்று கத்தினார். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

சவுக்குத் தோப்பில் பகலில் நின்றிருக்கிறீர்களா? காற்று கீழே இருக்காது, மேலே மட்டும் ஓடும். தலைக்கு மேலே எங்கோ தூரத்துக் கடல்போல ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டே இருக்கும். அடியில் ஓர் இலைகூட அசையாது. கிட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வேனின் ஏசி நின்றுவிட்டது. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்தோணிசாமி சாலையோரம் போய் நின்றார். நான் உள்ளே ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேச ஆரம்பித்தேன். மன்னிச்சுக்குங்க கலியன், வீட்டுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திட்டேன் என்றேன். நவீன் அவரைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். நம்ம பால்கனி நாற்காலி அப்படியே கிடக்கிறது என்றேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பேசப் பேச ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எதிரே இருப்பவருக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம்போல. செத்தவரிடம் பேசுகிறவனுக்கு அப்படித் தோன்றுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? ஆனாலும் தோன்றியது. குரலை உயர்த்திப் பேசினேன்.

அப்போது பெட்டிக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

அந்தோணிசாமி ஓடிவந்தார். கதவருகே வந்து அப்படியே நின்றுவிட்டார். "சார், உள்ள போன் அடிக்குது சார்." குனிந்து பார்த்தேன். பெட்டியின் சட்டத்துக்குக் கீழே என் கைப்பையைத் தள்ளி வைத்திருந்தேன். அதற்குள் கலியபெருமாளின் போன். தீ விபத்தன்று மட்டும் அதை முகாம் அறையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், குடும்பத்திடம் கொடுக்க சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தேன். அடித்தது அழைப்பு இல்லை. அலாரம். மணி ஒன்று நாற்பத்தைந்து. திரையில் ஒரே ஒரு சொல்: அஞ்சல.

அணைத்தேன். அஞ்சலாட்சி அவர் மனைவி. அந்த வேளையில் தினமும் அவர் ஸ்டோருக்கு வெளியே நின்று போன் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

5

இரண்டரை மணிக்கு ஒரு வாடகைக் கார் மணல் பாதையில் இறங்கியது. ராமலிங்கம் வருவார் என்று எனக்குத் தெரியும். அஞ்சலாட்சி வருவாள் என்று நினைக்கவில்லை. புருஷன் பெட்டி வரும் நாளில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண். "கேக்கவே இல்ல சார், கார்ல ஏறி உக்காந்துகிச்சு" என்றார் ராமலிங்கம்.

அவள் அழவில்லை. வேனுக்குள் ஏறி, பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையால் தடவிக்கொண்டே போனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்கதான் போயி அடையாளம் சொன்னதா?"

"ஆமாம்மா."

"பாத்தீங்களா அவுர?"

"பாத்தேன்."

"மொகம் பாக்கற மாதிரி இல்லன்னு சொன்னாங்க. எதப் பாத்து அவுருதான்னு சொன்னீங்க?"

ராமலிங்கம் குறுக்கே வந்தார். "இன்னா பேச்சு இது? ஊட்ல சனமெல்லாம் காத்துகிட்டுக் கெடக்குது. வேற வண்டி வந்ததும் போவலாம்."

"மாமா, நீங்க சும்மா இருங்க. இவுங்க வாயால சொல்லட்டும்."

மேலே சவுக்கு இரைந்துகொண்டே இருந்தது. என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பாக்கலம்மா. தலைய ஆட்டிட்டேன். பாக்கல."

ராமலிங்கம் என் சட்டையைப் பிடிக்க வந்தார். அந்தோணிசாமி நடுவில் நின்றார். அஞ்சலாட்சி எங்கள் யாரையும் கவனிக்கவில்லை.

"தொறங்க" என்றாள்.

"சீல் வெச்சிருக்குதும்மா. தொறக்கக் கூடாது" என்றார் அந்தோணிசாமி.

"கால மட்டும் பாக்கறேன். அவுருக்கு வலது கால்ல சுண்டு விரல் கெடயாது. கல்யாணத்துக்கு முன்னாடியே, கரும்பு வெட்டப் போன எடத்துல போச்சு. பாத்துட்டு மூடிடுவேன்."

ஏழு வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த மனிதர். எனக்கு அது தெரியாது.

அந்தோணிசாமி டூல் பாக்ஸிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து, கால் பக்கத்துப் பலகையை மட்டும் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் வெள்ளைத் துணி. தீயில் மாட்டியபோது கனமான ஷூ போட்டிருந்ததால் பாதங்கள் பாதங்களாகவே இருந்தன. இந்த முறை நான் பார்த்தேன். அவள் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." நின்றாள். கடைசி விரலின் மேல் கை வைத்து, "அஞ்சு" என்றாள். இடது காலையும் எண்ணினாள்.

"பத்தும் இருக்குது அண்ணா."

ராமலிங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஒரு மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது யாரிடம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அஞ்சலாட்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அப்ப அவுரு உசுரோட இருக்காரா அண்ணா?"

உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர் என்று நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். வெளிச்சம் போவதையும் பார்த்தேன். அவள் திரும்பி, அந்தக் கால்களின் மேல் துணியைச் சரியாக இழுத்துவிட்டாள்.

"யாரு பெத்த புள்ளையோ. மூடுங்க."

6

வேறு வண்டி வந்தது. பெட்டி ஊருக்குப் போகவில்லை, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனது. பெட்ரோல் குடித்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். டேங்கைக் கழுவி, பம்பை மாற்றி, அது மறுபடி ஓட ஒரு வாரம் ஆனதாம்.

நான் ஒன்பது நாள் தெற்கு வீதியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். சொந்த ஊரில் லாட்ஜில். காலையில் ஸ்டேஷன், பிறகு தாலுகா ஆபீஸ், பிறகு தூதரகத்துக்குப் போன். எல்லா இடத்திலும் என்னைத் தாளைக் காட்டியே மடக்கினார்கள். "சர்டிபிகேட்படி இவருதான் சார் கலியபெருமாள்" என்றார் எழுத்தர். இவர் நரசய்யா என்றேன். "நரசய்யாவ அவுங்க ஊர்ல எரிச்சாச்சுன்னு பதிவாயிருக்குது. எரிச்ச ஆளு இங்க எப்படி இருப்பாரு?" அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒருவர் பெயரில் சாம்பல் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. இன்னொருவர் பெயரில் எல்லாத் தாளும் இருக்கிறது, ஆள் எங்கேயும் இல்லை.

தெலங்கானாவில் எரித்ததும் உண்மைதான். பெட்டியைத் திறக்காமல், சொன்ன சொல்லைக் கேட்டு, மறுநாளே எரித்திருந்தார்கள்.

அஞ்சலாட்சி தினமும் காலையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் உட்காருவாள், மாலையில் போவாள். ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு வண்டி நிக்காமப் போயிருந்தா?"

"பொழுதோட எரிச்சிருப்போம்மா."

"நானும் அழுது முடிச்சிருப்பேன்." டீயைக் கீழே வைத்துவிட்டாள். "இப்ப எப்ப ஆரம்பிக்கறதுன்னே தெரியல அண்ணா."

திரும்பி வந்ததும் கம்பெனி எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, அரபியில். ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டேன். மேசை அதே மேசைதான். அதில் இப்போதும் அடையாளத் தாள்கள் வரும்.

7

நான் சிதம்பரத்தில் இருந்த ஒன்பதாம் நாள் நரசய்யாவின் அப்பா ஒரு வேனில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மார்போடு அணைத்து, எரித்த சாம்பலோடு ஒரு மண் கலயம். அதன் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. முகாம் ஆட்களிடம் கற்ற அரைகுறைத் தெலுங்கோடு நான் நடுவில் நின்றேன்.

உள்ளே போய் மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நெடுநேரம் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு அஞ்சலாட்சியின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். கலயத்தைக் கொடுக்கவில்லை.

என் பையன் இங்கே தனியாகவா கிடந்தான் என்று கேட்டார்.

"தெனம் வந்துடுவேன்னு சொல்லுங்க" என்றாள் அஞ்சலாட்சி. "பேரு மொத நாளு தெரியல. தம்பின்னு கூப்ட்டுதான் பேசினேன்."

சொன்னேன். அவர் கலயத்தின் துணியைத் தடவிக்கொண்டே ஏதோ பேச ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் சுடுகாட்டில் இலை போட்டுக் கோழிக்கறியும் கள்ளும் வைத்தார்களாம். நரசய்யாவுக்கு இரண்டும் பிடிக்கும். பறவை வந்து தொட வேண்டும், அதுதான் வழக்கம். காக்கைகள் வந்தனவாம். இலையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தனவாம். ஒன்றுகூடக் கறியைத் தொடவில்லை. மதியம்வரை நின்றார்கள், மாலைவரை நின்றார்கள். வெளிநாடு போகமாட்டேன் என்று அழுத பையனை இவர்தான் வற்புறுத்தி விமானம் ஏற்றியிருக்கிறார். அந்தக் கோபம்தான் என்று ஊரே சொன்னதாம். இவரும் அப்படியே நினைத்தாராம், இத்தனை நாளும்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலாட்சியின் கை வாய்க்குப் போனது. கலியபெருமாள் கறி தொடமாட்டார். முகாமில் கறி வேகும் அடுப்பில்கூடச் சமைக்கமாட்டார், தனி ஸ்டவ் வாங்கி வைத்திருந்தார்.

"அண்ணா, சொல்லுங்க அவுருகிட்ட" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு கறி சாப்ட மாட்டாரு. பொறந்ததுலேர்ந்து கெடயாது. அதனாலதான் தொடல. அந்தத் தம்பி இங்க இருந்துச்சு, அங்க இல்லவே இல்லன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"தினரா?" என்றார் அவர். சாப்பிடமாட்டாரா?

சாப்பிடமாட்டார் என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, பல முறை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் அழுதார். கலயம் மடியில் இருந்தது. அது சாய்ந்துவிடாமல் அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் கை எடுத்ததும் அது அவள் கையிலேயே நின்றது.

அப்போதுதான் அஞ்சலாட்சி அழ ஆரம்பித்தாள்.